மூன்று விரல் இடைவெளி: தாடை இறுக்கமும் மயக்க மருந்தும்

அறுவை நடக்கும் இடம் வயிறாக இருக்கலாம், முழங்காலாக இருக்கலாம். முழு மயக்கம் கொடுக்கப்போகும் மருத்துவர் முதலில் பார்ப்பது நோயாளியின் வாயைத்தான். வாய் எவ்வளவு திறக்கிறது, கீழ்த்தாடை எவ்வளவு முன்னே வருகிறது, கழுத்து எவ்வளவு பின்னே சாய்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் மயக்க ஊசியைத் தொடக்கூடாது. தூங்கவைக்கும் மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் ஏறிய சிறிது நேரத்தில் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். அதன்பின் அவருக்காக மூச்சுவிட வேண்டிய பொறுப்பு மருத்துவருடையது. அந்த மூச்சு பெரும்பாலும் வாய்வழியாகத்தான் உள்ளே போகிறது. வாயே திறக்காவிட்டால் என்ன செய்வது?

இந்தக் கேள்வி பினாங்கு மாநிலத் தமிழர்களுக்கு நெருக்கமானது. பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டினில் தொழிற்பேட்டையும் தமிழ்ப்பள்ளியும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இத்தகைய வட்டாரங்களில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்திலிருந்து வெளியேறிய பின்னும் வெற்றிலை பாக்குப் பழக்கம் பல வீடுகளில் தொடர்கிறது. பாக்கு மெல்வதால் வாயின் உட்தோல் இறுகும் நோயும், சிறுவயதில் மோவாய் அடிபட்டு மூட்டு இறுகும் நோயும், மூட்டுவாதமும், கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் வரும் இறுக்கமும் மயக்க மருத்துவர் முன் ஒரே இடரைத்தான் கொண்டுவந்து நிறுத்துகின்றன. அந்த இடர் எப்படி வருகிறது, அதைக் கடக்க மருத்துவம் என்னென்ன வழி கண்டது, இன்னும் எங்கே தவறுகிறது என்று இக்கட்டுரை பார்க்கிறது.

மூட்டு செய்யும் இரண்டு வேலைகள்

காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் தோலுக்கடியில் ஒன்று உருண்டு நகர்வதை உணரலாம். அது கீழ்த்தாடை எலும்பின் தலை. மண்டையோட்டின் அடியில் உள்ள ஒரு குழியில் அது அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டு மூட்டை மேலறை, கீழறை எனப் பிரிக்கிறது. கீழறையில் எலும்பின் தலை சுழல்கிறது. மேலறையில் வட்டும் தலையும் சேர்ந்து முன்னோக்கி வழுக்குகின்றன.

வளர்ந்தவர்களுக்கு மேல் கீழ் முன்பற்களுக்கு இடையே பொதுவாக 40 மில்லிமீட்டருக்கு மேல் வாய் திறக்கும். ஏறத்தாழ முதல் 25 மில்லிமீட்டர் சுழற்சியால் கிடைப்பது. மீதி கிடைப்பது வழுக்கலால். ஒருவரின் வாய் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து அங்கேயே நின்றுவிட்டால், முன்னோக்கி வழுக்கும் வேலை கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மயக்க மருந்துக்கு இந்த இரண்டு அசைவும் தேவை. வாய் திறந்தால்தான் லாரிங்கோஸ்கோப்பின் தகட்டை உள்ளே விட்டு, நாக்கை ஒதுக்கி, குரல்வளையைக் கண்ணால் பார்த்துச் சுவாசக் குழாயைச் செருக முடியும். மயங்கியவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும்போது, கீழ்த்தாடையின் இரு கோணங்களிலும் விரல் கொடுத்து முன்னே தள்ளி மூச்சுவழியைத் திறப்பார்கள். நாக்கின் வேர் கீழ்த்தாடையோடு கட்டப்பட்டிருப்பதால் தாடை முன்னே வந்தால் நாக்கும் வரும். மூட்டு உறைந்துபோனவரிடம் இந்த இரண்டு வழியும் ஒருசேர அடைபடுகின்றன. குழாய் செருகவும் முடியாது, முகமூடி வைத்துக் காற்றைத் தள்ளுவதும் கடினம். மற்றப் பல இடர்களில் ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கும். தாடை இறுக்கத்தில் அந்த மாற்றுவழியும் குறுகிப்போகிறது.

கையில் இருக்கும் நிமிடங்கள்

மயக்கத்துக்கு முன் சில நிமிடங்கள் முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் சொல்வார்கள். பலருக்கு அது ஒரு சடங்குபோலத் தோன்றும். உண்மையில் அது நேரத்தைச் சேமித்து வைப்பது. நுரையீரலில் தங்கியிருக்கும் காற்றை ஆக்சிஜனால் நிரப்பிக்கொண்ட உடல்நலமுள்ள பெரியவருக்கு, மூச்சு நின்றபின் இரத்த ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்கு இறங்கச் சுமார் 8 நிமிடம் ஆகலாம் என்று கணித்திருக்கிறார்கள். மிகப் பருமனானவருக்கு அது 3 நிமிடத்துக்கும் குறைவு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நேரம் இன்னும் சுருங்கும். ஆக்சிஜன் சேர்த்து வைக்காமலேயே மயக்கினால் ஓரிரு நிமிடத்தில் நிலைமை கைமீறும்.

அந்தச் சில நிமிடங்களில் தாடை திறக்கவில்லை என்று முதன்முறையாகத் தெரியவந்தால் மருத்துவர் யோசிக்கவும் வேண்டும், கருவியைத் தேடவும் வேண்டும், துணைக்கு ஆளை அழைக்கவும் வேண்டும். இதே செய்தி முந்தைய நாள் கிளினிக்கில் தெரிந்திருந்தால் இந்த மூன்றும் முன்கூட்டியே முடிந்திருக்கும். கேள்வி முழுவதன் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. இறுகிய தாடை கண்ணுக்குத் தெரியாமல் பதுங்கி வரும் இடர் அன்று. ஏறக்குறைய எப்போதும் முன்பே தெரியக்கூடியது.

இறுக்கம் எங்கிருந்து வருகிறது

காரணங்களை நான்காகப் பிரிக்கலாம்: மூட்டு, தசை, வாயின் உட்தோல், சுற்றியுள்ள வீக்கமும் வடுவும்.

மூட்டு நேரடியாகக் கெடுவதில் மிகக் கடுமையானது மூட்டு உறைவு. குழந்தை மோவாய் தரையில் பட விழும்போது அடி நேராகத் தாடை எலும்பின் தலைக்குப் போகிறது. மூட்டுக்குள் கசிந்த இரத்தம் மெல்ல நாராகி, பிறகு எலும்பாகிக் குழியோடு ஒட்டிவிடலாம். நடுக்காதுச் சீழ் மூட்டுக்குப் பரவியும் இப்படி ஆவதுண்டு. இந்தியாவில் இத்தகைய பிள்ளைகளை இன்றும் வாய் முக அறுவை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கீழ்த்தாடையின் வளர்ச்சியும் அங்கேயே நின்றுபோவதால் மோவாய் உள்வாங்கி முகம் பறவையின் முகம்போல் ஆகிவிடும். தொண்டைக்குள் இடம் குறுகி இரவில் குறட்டையும் இடையிடையே மூச்சுத் தடையும் வரும். தூக்கத்தில் மூச்சடைக்கிற பிள்ளைக்கு மயக்கத்திலும் மூச்சடைக்கும் என்பதை மறக்கக்கூடாது.

மூட்டுவாதம் இன்னொரு காரணம். முடக்குவாதமும் சிறார் மூட்டழற்சியும் கை மூட்டுகளைத் தாக்குவதோடு தாடை மூட்டையும் கழுத்தெலும்பையும் கெடுக்கும். கழுத்து சாயாமல் தாடையும் திறக்காமல் இரண்டும் சேர்ந்த நோயாளி மயக்க மருத்துவருக்கு மிகக் கடினமானவர்.

தசையால் வரும் இறுக்கம் வேறு வகை. கடைவாய்ப்பல்லில் சீழ் வைத்தாலோ, தாடை எலும்பு முறிந்தாலோ, வலிக்கு அஞ்சி மெல்லும் தசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டெட்டனஸ் நோயிலும் தாடை பூட்டிக்கொள்ளும். மயக்க மருந்தே தசையை இறுக்குவதும் உண்டு. சக்ஸாமெத்தோனியம் என்ற தசைத்தளர்த்தி மருந்துக்குப் பின் சிலருக்கு மெல்லும் தசை தளராமல் கட்டையாகிவிடும். சிலரிடம் அது வீரிய மிகைவெப்பம் என்ற மரபுவழிக் கோளாறின் முதல் அறிகுறி. அந்தக் கோளாறை 1960-இல் மெல்போர்னில் டென்பரோவும் லவலும் உலகுக்கு அறிவித்தார்கள். கால் முறிந்து வந்த ஓர் இளைஞர், எலும்பு முறிவைவிட மயக்க மருந்துக்கே தாம் அஞ்சுவதாகவும், தம் உறவினர் பத்துப்பேர் மயக்கத்தில் இறந்ததாகவும் சொன்னார். மருத்துவர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டதால் ஒரு நோயே கண்டுபிடிக்கப்பட்டது.

பாக்கு இறுக்கும் வாய்

நம்மவரிடையே தனியாகப் பேசவேண்டியது வாயின் உட்தோல் நார்த்தடிப்பு. இதில் மூட்டு நன்றாகவே இருக்கும். கன்னத்தின் உட்புறமும் உதடும் அண்ணமும் வெளுத்து, விரலால் தடவினால் பட்டைபட்டையாக நார் தட்டுப்படும். முதலில் நோயாளி சொல்வது, “காரம் சாப்பிட்டா வாய் எரியுது டாக்டர்” என்பதுதான். பிறகு வாய் கொட்டாவிக்குத் திறக்காது, சோற்று உருண்டையைச் சிறிதாக்க வேண்டிவரும், விசிலடிக்கவும் நாக்கை நீட்டவும் முடியாது. வருடக்கணக்கில் மெல்ல வருவதால் நோயாளி அதற்குப் பழகிப்போய், தமக்கு வாய் திறக்காது என்பதையே ஒரு குறையாகச் சொல்லமாட்டார்.

1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் இந்நிலையைக் கண்டு எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி இதை விவரித்தார். கடல் கடந்து போன இந்தியர்களோடு பழக்கமும் நோயும் சேர்ந்தே பயணம் செய்திருக்கின்றன என்பதற்கு முதல் பதிவே சான்று. காரணம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. மலேசியாவில் கே. ராமநாதன் 1981-இல் மலேசிய மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில், இரும்புச்சத்துக் குறைவால் வரும் விழுங்கல் நோயின் ஆசிய வடிவமாக இது இருக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். மிளகாயின் காரத்தையும் சிலர் குற்றம் சொன்னார்கள். பின்வந்த ஆய்வுகள் பாக்கின் மீதே விரலை நீட்டின. பாக்கிலுள்ள அரிகோலின் நார்ப்புரதம் உண்டாவதைத் தூண்டுகிறது. பாக்கில் மிகுந்திருக்கும் தாமிரம், அந்த நார்களைப் பின்னிக் கெட்டியாக்கும் நொதியை முடுக்குகிறது. உருவான நாரை உடல் கரைப்பதும் குறைந்துவிடுகிறது. இரத்தசோகையும் சத்துக்குறைவும் துணைக் காரணங்களாக நிற்கின்றன. ராமநாதனின் கருத்து அந்த அளவில் பயனின்றிப் போகவில்லை.

புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கால் கெடுதல் இல்லை என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட 85-ஆம் தொகுதியில், புகையிலை சேராத தாம்பூலத்தையும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் நார்த்தடிப்பு உள்ள 66 பேரை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில் 7.6 விழுக்காட்டினருக்கு வாய்ப்புற்று வந்தது.

மலேசியாவில் 1993-94-இல் நாடு தழுவி நடந்த வாய்நோய்க் கணக்கெடுப்பும் இதோடு ஒத்துப்போகிறது. புற்றுநோய்க்கு முந்தைய வாய் மாற்றங்கள் இந்தியரிடையே 4 விழுக்காடாகவும், சீனரிடையே 0.5 விழுக்காடாகவும் இருந்தன. நாட்டில் சிறுபான்மையான ஒரு சமூகம் இந்த நோயில் முன்னே நிற்கிறது. மாக் மண்டினில் வாழும் ஒரு பாட்டிக்குப் பித்தப்பை அறுவை என்றால், அவரை மயக்கப்போகும் மருத்துவர் வாய் திறப்பைப் பற்றிக் கேட்க இதுவே போதிய காரணம்.

சீனச் சமூகத்துக்கு இதே இடர் வேறு வழியில் வருகிறது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் மலேசியச் சீனரிடையே மிகுதி. அதற்குக் கதிர்வீச்சுக் கொடுத்தபின் மெல்லும் தசைகள் நாராகி வாய் மெல்ல மூடிக்கொண்டே வரும். சிகிச்சை முடிந்து பல ஆண்டு கழித்து வேறு அறுவைக்கு வரும்போது அது தடையாகி நிற்கும்.

மயங்கினால் திறந்துவிடுமா?

இத்துறையில் மிக ஆபத்தான ஊகம் ஒன்று உண்டு. “தூங்கினதும் தளர்ந்துடும்” என்பது அது. வலியாலும் தசைப்பிடிப்பாலும் வந்த இறுக்கம் பெரும்பாலும் தளரத்தான் செய்யும். எலும்பு ஒட்டியதோ நார் இறுகியதோ எந்த மருந்துக்கும் தளராது. தொல்லை என்னவென்றால் வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். பல்லில் சீழோடு வந்தவருக்கு இரண்டு நாளாக வாய் திறக்கவில்லை என்றால் தசைப்பிடிப்பு என்று ஊகிக்கலாம். சில வாரங்கள் ஆகிவிட்டால் தசையும் சுருங்கி நாராகத் தொடங்கியிருக்கலாம். நாக்கின் அடியிலும் கழுத்திலும் வீக்கம் பரவியிருந்தால் தாடை திறந்தாலும் தொண்டை அடைத்திருக்கும். ஆகவே எத்தனை நாளாக, எதனால், மெல்ல வந்ததா சட்டென்று வந்ததா என்ற கேள்விகளும் அளவுகோலின் அளவுக்கே முக்கியமானவை.

சில தசைத்தளர்த்தி மருந்துகளின் விளைவை உடனே நீக்கும் சுகாமடெக்ஸ் போன்ற மருந்துகள் வந்துவிட்டதால் துணிந்து மயக்கலாம் என்று நினைப்பதும் பிழை. அந்த மருந்து தசைக்கு வலுவைத் திருப்பித் தரும். அடைபட்ட தொண்டையையோ பூட்டிய தாடையையோ அது திறக்காது.

வழிகள் வந்த வரலாறு

மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடும் கலை தொடக்கத்திலிருந்தே வாய்நோயோடும் தாடையோடும் பின்னிப் பிணைந்தது. 1878-இல் கிளாஸ்கோவில் வில்லியம் மக்யூவன், நாக்கின் வேரில் புற்று வந்த நோயாளிக்கு விழித்திருக்கும்போதே குழாயை விரலால் வழிநடத்திச் செருகி, அதன்பிறகே குளோரோஃபார்ம் கொடுத்தார். முதலில் மூச்சுவழி, பிறகு மயக்கம் என்ற வரிசையை அவர் அன்றே காட்டிவிட்டார்.

முதல் உலகப்போருக்குப் பின் முகமும் தாடையும் சிதைந்த படைவீரர்களுக்கு இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹரால்ட் கில்லீஸ் முகம் சீரமைத்தார். முகமே இல்லாத இடத்தில் முகமூடி வைக்க முடியாது. அங்கே மயக்கம் கொடுத்த ஐவன் மாகில், மூக்கு வழியாகக் கண்ணால் பார்க்காமலே மூச்சொலியைக் கேட்டுக் குழாயைக் குரல்வளைக்குள் செலுத்தும் முறையைத் தேர்ச்சியாக்கினார். இறுகிய தாடைக்குப் பல பத்தாண்டுகள் அதுவே துணையாக இருந்தது. நல்ல கருவி இல்லாத இடங்களில் தேர்ந்த கைகள் இன்றும் அதைச் செய்கின்றன.

1963-இல் நைஜீரியாவில் வாட்டர்ஸ் இன்னொரு வழியைக் கண்டார். முகத்தை அரித்துத் தாடையைப் பூட்டும் நோமா நோயாளிகளுக்கு, கழுத்தின் முன்புறம் ஊசி குத்தி, மெல்லிய இழைக்குழாயை மேல்நோக்கித் தொண்டைக்குள் விட்டு வெளியே எடுத்து, அதன்மேல் சுவாசக் குழாயை ஏற்றினார். வசதி குறைந்த மருத்துவமனையில் பிறந்த அந்தப் பின்னோக்கு முறை உலகெங்கும் பரவியது.

1967-இல் லண்டனில் பீட்டர் மர்ஃபி, பித்தக்குழாயைப் பார்ப்பதற்கென்று செய்த வளையும் இழைநோக்கியை மூக்கு வழியாக விட்டு, சிறார் மூட்டழற்சி முற்றிய ஒருவரின் குரல்வளையைப் பார்த்துக் குழாயைச் செருகினார். இன்று இறுகிய தாடைக்கு முதல் தேர்வாக நிற்கும் இழைநோக்கி முறைக்கு வழிதிறந்தது, வாத நோய் முடக்கிய ஒரு நோயாளியின் தேவைதான்.

ஆர்ச்சி பிரெயின் 1980-களில் உருவாக்கிய குரல்வளை முகமூடி மயக்க மருத்துவத்தையே மாற்றியது. ஆனால் அதையும் வாய் வழியாகத்தான் விடவேண்டும். 20 மில்லிமீட்டருக்குக் கீழே வாய் திறப்பவரிடம் அதை நம்ப முடியாது. காணொளித் திரையோடு வரும் புதிய லாரிங்கோஸ்கோப்புகள் பெரும் உதவி என்றாலும் அவற்றுக்கும் தகடு நுழையும் அளவு திறப்பு வேண்டும். சந்தைக்கு வரும் ஒவ்வொரு கருவியையும் பார்த்து இனிப் பயமில்லை என்று சொல்லும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

இன்றைய ஒழுங்கு

வாய் ஒரு விரல்தான் திறக்கிறது என்று தெரிந்த நோயாளிக்கு இன்று பரவலாக ஏற்கப்படும் வழி, விழித்திருக்கும்போதே குழாய் விடுவது. கேட்கும்போது கொடுமையாகத் தோன்றும். முறையாகச் செய்தால் பெரும்பாலோர் பொறுத்துக்கொள்கிறார்கள். மூக்குக்கும் தொண்டைக்கும் லிக்னோகெய்ன் தெளித்து மரத்துப்போகச் செய்வார்கள். மூக்கில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கும். அச்சத்தைத் தணிக்கும் அளவுக்கு மட்டும் மருந்து தருவார்கள். நோயாளி தாமே மூச்சுவிட்டுக்கொண்டிருக்க, மெல்லிய இழைநோக்கி மூக்கு வழியாக இறங்கும். குழாய் உள்ளே போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகே தூங்கவைப்பார்கள். இங்கிலாந்தின் கடின மூச்சுவழிச் சங்கம் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், முயற்சி முழுவதும் மூக்கில் ஆக்சிஜன் ஓடவேண்டும், திரும்பத் திரும்ப முயன்று தொண்டையை வீங்கவைக்கக்கூடாது என்று வலியுறுத்துகின்றன.

குழந்தைகள் விழித்திருந்து ஒத்துழைக்கமாட்டார்கள். மூட்டு உறைந்த பிள்ளைக்கு மூச்சு நிற்காதபடி செவோஃப்ளுரேன் போன்ற ஆவி மருந்தால் மெல்லத் தூங்கவைத்து, தானே மூச்சுவிடும் நிலையில் இழைநோக்கியைச் செலுத்துவது வழக்கம். இதற்குக் கைதேர்ந்த குழு வேண்டும், காது மூக்கு தொண்டை மருத்துவர் கழுத்தில் வழி திறக்கத் தயாராக அருகில் நிற்கவேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று டாக்டர் சொன்னால் பெற்றோர் அதைத் தட்டிக்கழிக்கும் பேச்சாக எண்ணக்கூடாது.

எல்லாம் தோற்றால் கடைசி வழி கழுத்தின் முன்புறம். குரல்வளைக் குருத்தெலும்புக்குக் கீழே தோலுக்கு மிக அருகில் உள்ள சவ்வைக் கத்தியால் திறந்து குழாய் விடுவது. எப்படிச் செய்வது என்பது மருத்துவர்களுக்குத் தெரியும். எப்போது செய்வது என்பதில்தான் உயிர் போகிறது. 2005-இல் இங்கிலாந்தில் மூக்கு அறுவைக்கு வந்த 37 வயதுப் பெண்ணுக்கு மயக்கத்துக்குப் பின் தாடைத் தசை தளராததால் குரல்வளை முகமூடி போகவில்லை. அனுபவமிக்க மருத்துவர்கள் பலர் இருந்தும், குழாய் செருகும் முயற்சியிலேயே நேரம் கழிந்தது. கழுத்தைத் திறக்கும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்தும் யாரும் அதை எடுக்கவில்லை. சில நாளில் அவர் இறந்தார். விமானியான அவர் கணவர் மார்ட்டின் புரோமிலி, தவறு செய்தவரைத் தண்டிக்கச் சொல்லாமல், நெருக்கடியில் மனித மனம் ஒரே வழியில் சிக்கிக்கொள்வதைப் பற்றி மருத்துவ உலகுக்குக் கற்பிக்க 2007-இல் ஓர் அமைப்பையே தொடங்கினார். இன்று பல நாடுகளில் மருத்துவர்களுக்கு அந்த நிகழ்வு பாடமாக இருக்கிறது.

குழாயை எடுக்கும் நேரமும் செருகும் நேரத்துக்குக் குறையாத ஆபத்து உடையது. தாடை அறுவைக்குப் பின் வீக்கமும் இரத்தமும் இருக்கும். நோயாளி முழுதாக விழித்து, சொன்னதைச் செய்து, இருமலும் விழுங்கலும் திரும்பியபிறகே குழாயை எடுக்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஓர் இடர் உண்டு. தளர்ந்த மூட்டுள்ளவரிடம் வாயை மிகையாகத் திறந்தாலோ தாடையைத் தள்ளினாலோ மூட்டு பிசகிவிடலாம். தூக்கத்தில் அவரால் சொல்ல முடியாது. விழித்ததும் வாய் மூடவில்லை, பேச்சு வரவில்லை என்றால் உடனே பார்த்துத் திருப்பி உட்காரவைக்க வேண்டும். தாமதித்தால் தசை இறுகித் திருப்புவது கடினமாகும். கொட்டாவி விட்டபோது எப்போதாவது தாடை பிசகியவர், அறுவைக்கு முன் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

முன்கணிப்பு பயனற்றதா?

மயக்க மருத்துவர்களிடையே ஒரு வாதம் உண்டு. என்ன சோதனை செய்தாலும் கடின மூச்சுவழியை முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை என்பது. ஆதாரம் இல்லாத பேச்சன்று அது. ஆந்திரத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மல்லம்பாட்டி, வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொல்லித் தொண்டையைப் பார்க்கும் எளிய சோதனையை 210 நோயாளிகளிடம் ஆராய்ந்து 1985-இல் வெளியிட்டார். உலகில் மயக்க மருந்து பெறும் எண்ணற்றோர் அவர் பெயரிலான அந்தச் சோதனைக்கு வாய் திறந்திருக்கிறார்கள். ஆனாலும் 2015-இல் டென்மார்க்கில் 1,88,064 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது, குழாய் செருகக் கடினமாக இருந்த 3,391 பேரில் 3,154 பேரை யாரும் முன்கூட்டிக் கணிக்கவில்லை என்று தெரிந்தது.

இதைக் கொண்டு, பார்த்து என்ன பயன் என்று சோர்ந்துவிடலாமா? 133 ஆய்வுகளைத் தொகுத்த 2018-இன் காக்ரேன் மதிப்பாய்வு இங்கே ஒரு தெளிவைத் தருகிறது. லாரிங்கோஸ்கோப்பால் பார்க்கக் கடினமானவர்களில் வாய் திறப்பு அளவு காட்டிக்கொடுத்தது 22 விழுக்காட்டினரை மட்டும். கடினம் பல காரணங்களால் வருகிறது, அவற்றில் தாடை ஒன்றே. ஆனால் கடினம் இல்லாதவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேலானவர்களை அந்த அளவு வீணாக எச்சரிக்காமல் விட்டது. வாய் நன்றாகத் திறக்கிறது என்பது பாதுகாப்புக்கு உறுதி தராது. வாய் திறக்கவில்லை என்பதையோ அலட்சியம் செய்யவே கூடாது. மற்ற இடர்கள் கணிப்புக்குத் தப்பலாம். முன்பே இறுகியிருக்கும் தாடை தப்புவதற்குக் காரணமே இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், செலவு வேண்டாம், நோயாளியின் சொந்த விரல்கள் போதும்.

செய்யக்கூடியவை

நடுவிரலும் அதன் இருபக்க விரல்களும் சேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நுழைந்தால் நல்லது. இரண்டுதான் நுழைகிறது என்றால் அறுவைக்கு முன் மயக்க மருத்துவரிடம் தாமாகவே சொல்ல வேண்டும். ஒன்றுதான் என்றால், அறுவை எதுவும் இல்லாவிட்டாலும் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்ட வேண்டும். கீழ்ப்பற்களால் மேலுதட்டைக் கடிக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் தாடை முன்னே வருவதில் குறை இருக்கிறது.

மாக் மண்டினில் இருப்பவருக்குச் செபராங் ஜெயா மருத்துவமனையும் பாலத்துக்கு அப்பால் ஜார்ஜ் டவுனில் பினாங்குப் பொது மருத்துவமனையும் எட்டும் தொலைவில் இருக்கின்றன. குறை இருப்பது செய்தி போய்ச் சேருவதில். பல் கிளினிக்கில் ஒருவரின் வாய் 18 மில்லிமீட்டர்தான் திறக்கிறது என்று எழுதிவைத்திருப்பார்கள். விபத்தில் சிக்கி நள்ளிரவில் அவரைக் கொண்டுவரும்போது அந்தத் தாள் வேறோர் இடத்தில் இருக்கும். ஆகவே அந்த அளவை ஓர் அட்டையில் எழுதி வாங்கி அடையாள அட்டையோடு வைத்துக்கொள்ள வேண்டும். முந்தைய அறுவையில் குழாய் விடச் சிரமப்பட்டார்கள் என்று தெரிந்தால் அதற்கொரு கடிதம் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. கைகால் அறுவையென்றால், அந்த இடத்தை மட்டும் மரக்கவைத்துச் செய்ய முடியுமா என்றும் கேட்கலாம். அப்போதும் மூச்சுவழிக்கு மாற்றுத்திட்டம் தயாராக இருக்கவேண்டும் என்பதை மருத்துவர்கள் அறிவார்கள்.

மொழியும் இதில் கவனத்துக்குரியது. “வாய் திறக்க முடியுமா?” என்று மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் ஒரு மூதாட்டி தலையாட்டிவிடுவார். திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். உடன் போகும் மகனோ மகளோ, “அம்மா ரொம்ப நாளா பாக்கு போடுறாங்க, வாய் சரியா திறக்காது” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாக்குப் பழக்கத்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

நீண்ட நாளைய தீர்வு பாக்கை விடுவது. நார்த்தடிப்பு ஒருமுறை முற்றிவிட்டால் பாக்கை நிறுத்தினாலும் வாய் பழையபடி திறப்பது அரிது. ஆனால் மேலும் இறுகுவதை மட்டுப்படுத்தலாம், புற்று வருகிறதா என்று தொடர்ந்து கண்காணிக்கலாம். மூட்டு உறைவுக்கும் நார்த்தடிப்புக்கும் அறுவை செய்துகொண்டவர்கள் வாய் திறக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் விடாமல் செய்யவேண்டும். வலிக்கிறது என்று பயிற்சியை நிறுத்தினால் தாடை மறுபடி இறுகும். மோவாய் அடிபட்ட பிள்ளைக்குக் காயம் ஆறிவிட்டது என்று இருந்துவிடாமல், அடுத்த சில மாதங்கள் வாய் முழுதாகத் திறக்கிறதா என்று பெற்றோர் பார்த்துவர வேண்டும். தொடக்கத்தில் பிடித்தால் பயிற்சியிலேயே தீரக்கூடியது, விட்டுவிட்டால் முகத்தையே மாற்றும் நோயாகிறது.

மக்யூவன் காலத்திலிருந்து இன்றுவரை இந்தத் துறை கண்ட கருவிகள் ஏராளம். அவை அத்தனையும் பயன்பட ஒரே நிபந்தனை, தாடை திறக்காது என்பது மயக்கத்துக்கு முன்பே தெரிந்திருப்பது. நோயாளி சொல்ல வேண்டும், மருத்துவர் அளக்க வேண்டும், அளந்ததை எழுதி அடுத்தவருக்குச் சேர்க்க வேண்டும். மயக்க மருத்துவத்தில் தவிர்க்கவே முடியாத மரணங்கள் சில உண்டு. இறுகிய தாடையால் நேரும் மரணத்தை அந்தக் கணக்கில் சேர்க்க நாம் ஒப்பக்கூடாது.